ஐம்பது சதத்துப் பிளேன்டீ

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அடிக்கடி பழைய விலைகளைப் போட்டுவிடுவார். பாண் இரண்டு ரூபா, தேங்காய் இரண்டு ரூபா, கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகச் சில்லறைக் காசு. உடனே கொழும்பிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெருமூச்சுகள் வந்து விழும். "அதெல்லாம் ஒரு காலம்" என்று ஒரு மச்சான் எழுதுவார். கைகூப்பும் படமொன்றும் கூடவே வரும்.

நான் பெருமூச்சு விடுவதில்லை. விலைகள் உண்மைதான். எண்பதுகள் தொடங்கிய நேரம் கண்டி டவுனில் பால் விடாத பிளேன்டீ ஐம்பது சதம், பால் தேத்தண்ணி ஒரு ரூபா, உளுந்து வடை நாற்பது சதம். இன்றைக்கு அதே டவுனில் ஒரு பிளேன்டீக்கு ஐம்பது அறுபது ரூபா கொடுக்கிறேன். வாவியைப் பார்த்தபடி கண்ணாடி போட்டுக் கட்டியிருக்கிற கடைகளில் அதே சாயத்தை வெள்ளைப் பீங்கானில் ஊற்றி ஐந்நூறுக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனாலும் பழைய விலைமேல் எனக்கு ஏக்கம் கிடையாது. அந்த ஐம்பது சதத்தைக் கொடுத்து ஒரு கடைக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க, எங்களைப் போன்ற பெண்களுக்கு அப்போது இடம் இருக்கவில்லை. அந்த இடம் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை எழுதிவிட வேண்டுமென்று கொஞ்ச நாளாக மனசில் கிடக்கிறது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கண்டி டவுனின் கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிட்ட காலம். ஜப்பான் நைலக்ஸ் சேலைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அதற்கு முந்திய வருசங்களில் ஒரு துண்டுச் சீத்தைக்கு வரிசையில் நின்ற சனம் இப்போது கடைக்குள் வந்து, வாங்குகிறதோ இல்லையோ, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாங்கள் சேலையை விரித்துக் காட்டி, மடித்து வைத்து, திரும்ப விரிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஏறி நின்றால் இரவு ஏழு மணி வரைக்கும் கால் மடிக்கக் கூடாது. கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கதிரைகள் இருந்தன. எங்களுக்கு இல்லை.

சம்பளம் இருநூற்றைம்பது ரூபா. அதை நான் குறைவென்று நினைக்கவில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு வொயில் சேலை வாங்கினேன், எனக்கொரு சோடி செருப்பு வாங்கினேன், மிச்சத்தில் படம் பார்த்தேன். என் காசில் நான் வாங்கிய முதல் செருப்பு அது. மழை பெய்தால் கையில் கழற்றிக்கொண்டு நடப்பேன்.

என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்தி கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். அவளுடைய தொழிலாளர் லயத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். விடிய முன்னமே எழும்பி, கலஹாவிலிருந்து பேராதனை வழியாக வரும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்கு வந்துசேர முடியும். நன்றாகப் பாடுவாள், வாய்த்துடுக்கும் அதிகம். மற்றவள் குண்டசாலையிலிருந்து வந்த சிங்களப் பெண். தமிழைப் புரிந்துகொள்வாள். பேசும்போது ஆண்பால் பெண்பாலையெல்லாம் ஒரே அஃறிணையாக்கிவிடுவாள். முதலாளியைக் கூட "அது வருது" என்பாள். அதைக் கேட்டு நாங்கள் இருவரும் சேலைக் கட்டுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்போம்.

மத்தியானச் சாப்பாடு மாடிப்படிக்குக் கீழே. பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு, வீட்டிலிருந்து கட்டி வந்ததைத் தின்போம். தண்ணீர் குடிக்க மாட்டோம். கடைக்குள் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்பதுதான் காரணம். டவுனில் வேறெங்கும் இல்லை. பஸ் நிலையத்தில் இருந்ததற்குள் காலை வைக்க முடியாது. ஆகவே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பிப் போகும்வரை வாயை நனைப்பதோடு சரி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. டவுனில் வேலை செய்த எல்லாப் பெண்களும் இப்படித்தான் இருந்தார்கள். அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதுகூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் அப்பாவுக்குச் சொந்தமாகவே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. எங்கள் புடைவைக் கடையிலிருந்து ஐந்து நிமிச நடை. சந்தைக்குப் பின்னாலுள்ள சந்தில், ஒடுங்கிய முகப்போடு, உள்ளே நீண்டு போகும் கடை. ஆறு மேசை. முன்னால் கண்ணாடி அலுமாரியில் வடையும் பணிசும் அடுக்கியிருக்கும். பக்கத்தில் காசு மேசையில் அப்பா. கடைசியில் ஒரு கதவு, அதற்கப்பால் அடுப்படி. அடுப்படியில் அம்மா. கடையின் பெயர்ப்பலகையில் இருந்தது அப்பாவுடைய அப்பாவின் ஊர்ப் பெயர். கடையின் ருசி முழுவதும் அம்மாவின் கை. ஆனால் அம்மா அந்தக் கதவைத் தாண்டி முன்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. பின் ஒழுங்கையால் வருவார், பின் ஒழுங்கையால் போவார். நானும் அப்படித்தான். எப்போதாவது ஒரு பெண் சாப்பாட்டுப் பார்சல் வாங்க வந்தால் அவளும் பின்னால் வந்து சன்னலில்தான் வாங்கிப் போவாள். முன்பக்கம் ஆண்களுடைய இடம். அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முன்பக்கத்துச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்தவர் முன்னால் ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்சும் வைத்துவிடுவார்கள். தின்றது போக மிச்சம் அலுமாரிக்குத் திரும்பும். பரிமாறுகிற அண்ணன் நெட்டையான மனிதர், தொண்டையோ வெண்கலம். ஆள் எழும்பியதும் அங்கிருந்தே, "வடை மூணு! பிளேன்டீ ஒண்ணு! ஒரு ரூபா எழுபது!" என்று அப்பாவுக்குக் கூவுவார். யார் எத்தனை வடை தின்றார்கள் என்பது சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் வேலைக்குப் போன அந்த வருசம் கடைக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. பெரிய வீதியில் புதிதாக ஒரு ஹோட்டல் திறந்திருந்தார்கள். சுவரெல்லாம் கண்ணாடி, மேசையெல்லாம் போர்மைக்கா, நாள் முழுவதும் கசட்டில் பாட்டு. திறந்த புதிதில் வடையை முப்பது சதத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் கடையில் நின்று நின்று இடம்பிடித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். வேலை விட்டு இரவில் நான் போய் அடுப்படிக் கதவால் எட்டிப் பார்க்கும்போது ஆறு மேசையில் நான்கு காலியாக இருக்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார் அப்பா ஒரு நாள் வீட்டில். "சரிவரலன்னா குடுத்துட்டு, திகனப் பக்கம் யாராச்சும் முதலாளிகிட்ட ஸ்டோர் கீப்பரா சேர்ந்துக்குவேன்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் அது சம்மதமில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி மழை தொடங்கிய நேரம் புடைவைக் கடை முதலாளி தீபாவளிக்கென்று சரக்கை இறக்கிக் குவித்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த இடமும் போய்விட்டது. "சாப்பாட்டு வாசம் துணியில புடிக்குது. வெளியில போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். நாங்கள் மூவரும் சாப்பாட்டுப் பொதியோடு வாவிக்கரைக்குப் போனோம். வெயிலென்றால் மரநிழலில் உட்காரலாம். மழையென்றால் ஒரே குடைக்குள் மூன்று பேர். காகமொன்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். போகிற வருகிற ஆண்களும்தான். குண்டசாலைப் பெண் சோற்றை மூடி வைத்துவிடுவாள். "அனே, எல்லாம் பாக்குது" என்பாள்.

அந்த மழையில் கலஹாக்காரி படுத்துவிட்டாள். காய்ச்சல், அடிவயிற்று வலி. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்பது. அவள் பதில் சொல்ல வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாளாம். திரும்பி வேலைக்கு வந்தபோது முகம் வெளுத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "தண்ணி குடிக்காததுக்கு இவ்வளவு செலவுன்னா, தெனம் சோடாவே குடிச்சிருக்கலாம்."

அன்றிரவு அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் குடிக்கிறதில்லையா?"

"யாருமே குடிக்கிறதில்லம்மா."

"நம்ம கடைக்குப் பின்னால கக்கூஸ் இருக்கே. வந்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"நான் வருவேன். அவளுங்கள எப்படிம்மா தெனம் பின்னால கூட்டிக்கிட்டு வாறது? அப்பா என்ன சொல்வாரு?"

அம்மா உளுந்துச் சட்டியை மூடி வைத்தார். பிறகு, "நாளைக்கு மூணு பேரும் வாங்க. பின்னால வேணாம். முன்னால வாங்க. வந்து உக்காந்து சாப்பிடுங்க" என்றார்.

"அப்பா?"

"அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. கேட்டா வேணாம்பாரு. பாத்தாருன்னா பழகிக்குவாரு."

மறுநாள் மத்தியானம் மூவரும் போனோம். சந்தின் முனை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தவர்கள் கடையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டோம். நான் பிறந்ததிலிருந்து தெரிந்த கடைதான். ஆனால் அந்த வாசற்படியில் நான் கால் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குண்டசாலைப் பெண் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கலஹாக்காரிதான், "என்ன நிக்கிறீங்க, உள்ள என்ன புலியா இருக்கு, வாங்கடி" என்று முதலில் ஏறினாள்.

மூன்று மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். பேச்சு நின்றது. அப்பா காசு மேசையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பாப்பா? அம்மா உள்ளதான் இருக்கா. பின்னால போ."

"அம்மாவப் பாக்க வரலப்பா. சாப்பிட வந்தோம்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பரிமாறுகிற அண்ணன் ஒரு கையில் சட்னி வாளியோடு அப்பாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்ப அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

அப்போது அடுப்படிக் கதவு திறந்தது. அம்மா ஒரு தட்டத்தில் மூன்று கிளாஸ் தேத்தண்ணியும் ஒரு சருவத்தில் தண்ணீரும் வைத்துத் தூக்கிக்கொண்டு, கடையின் நடுவால், மேசைகளுக்கு இடையில், நேராக நடந்து வந்தார். நெற்றியில் வேர்வை, இடுப்பில் செருகிய முந்தானை, அடுப்புக்கரி பட்ட கை. எங்கள் மேசையில் தட்டத்தை வைத்தார். "முதல்ல தண்ணிய குடிங்க" என்றார்.

எங்கள் கடையில் வருசக்கணக்காக ஒரே கதிரையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். குடும்பம் ஊரில், அவர் இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார். நல்ல மனிதர், ஆனால் எல்லாம் அவர் பழகிய மாதிரியே இருக்க வேண்டும். அவர்தான் வாயைத் திறந்தார்.

"முதலாளி, உதென்ன புதுப் பழக்கம்? பொம்பிளையளைக் கடைக்குள்ள இருத்தித் தேத்தண்ணி குடுக்கிறியளோ? அப்ப நாங்கள் எங்க போறது?"

அம்மா திரும்பினார்.

"ஐயா, உங்க கதிரை உங்ககிட்டயே இருக்கு. யாரும் புடுங்கல. நீங்க அஞ்சாறு வருசமா சாப்பிடுறது என் கையால. நான் பொம்பளைன்னு அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கடை கொஞ்சம் இளகியது. கிளார்க் ஐயா பாதித் தேத்தண்ணியோடு எழும்பி, காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேரும் போனார்கள். நாங்கள் கட்டிவந்த சோற்றை வடையோடு சாப்பிட்டோம். கலஹாக்காரி தண்ணீரை ஒரு மூச்சில் குடித்து முடித்துவிட்டு இன்னும் கேட்டாள். சாப்பிட்டு எழும்பியதும் நான் காசு மேசைக்குப் போனேன்.

"பிளேன்டீ மூணு, வடை மூணு. எவ்வளவுப்பா?"

"உனக்கென்ன காசு" என்றார் அப்பா, குரலே வெளியில் வராமல்.

"சும்மா குடிச்சா மகள் வந்து குடிச்சிட்டுப் போனான்னு ஆயிடும். காசு குடுத்தாத்தான் நாங்க கஸ்டமர்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பதில், என்னை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பது போல் பார்த்தார். "ரெண்டு ரூபா எழுபது" என்றார். கொடுத்தேன். மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார். வாசற்படியில் இறங்கும்போது எங்கள் மூவருக்கும் கால் தரையில் படவில்லை. அன்றைக்குப் புடைவைக் கடையில் நாங்கள் விரித்த சேலையெல்லாம் விற்றுப் போனதாக ஒரு ஞாபகம். அது உண்மையா, சந்தோசத்தில் நானே சேர்த்துக்கொண்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் அன்றைக்கு நல்ல சண்டை. "இருக்கிற ஆளையும் விரட்டிட்ட" என்றார் அப்பா. "போறவங்க போகட்டும், ஏற்கனவே கண்ணாடி பாக்கத்தானே போறாங்க" என்றார் அம்மா. கடைசியில் அப்பா இறங்கிவந்து, "சரி, ஒரு திரையாச்சும் கட்டுவோம். பாக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"எதுக்குத் திரை? அவளுங்க என்ன திருடியா திங்கிறாளுங்க?"

திரை கட்டவில்லை. வாசல் பக்கத்து மேசை, வெளிச்சம் விழுகிற மேசை, பெண்களுடையதாகிவிட்டது.

முதலில் கொஞ்ச நாள் நாங்கள் மட்டும்தான் வந்தோம். பிறகு பக்கத்துப் பாத்திரக் கடையில் வேலை செய்த இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு தட்டச்சு வகுப்புக்கு வருகிறவர்கள். அம்மா பின்பக்கத்துக் கக்கூசைச் சுண்ணாம்பு அடித்துச் சுத்தம் செய்து, ஒரு வாளியும் சவர்க்காரமும் வைத்து, பூட்டுத் திறப்பை ஒரு சிவப்பு நாடாவில் கட்டி, வாசலோரச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். கேட்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து மாட்டினால் சரி. அது எப்படிப் பரவியது என்று தெரியாது. எந்த விளம்பரமும் செய்யவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நேர்சுகளுக்குத் தெரிந்திருந்தது, பள்ளிக்கூட டீச்சர்மாருக்குத் தெரிந்திருந்தது, தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தெரிந்திருந்தது. திகனயிலிருந்து சாமான் எடுக்க வரும் முஸ்லிம் கடைக்காரர்கள், மனைவிமாரை முக்காட்டோடு கூட்டிவந்து அந்த மேசையில் உட்கார்த்திவிட்டு, "நானா, இவங்கள ஒருக்காப் பாத்துக்கொளுங்க, இந்தா வந்துடுறேன்" என்று அப்பாவிடம் ஓர் அண்ணனிடம் போலச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சந்தைக்குப் போனார்கள். மாதம் முடியுமுன் ஒரு மேசை இரண்டு மேசையானது. பிறகு மூன்று.

பெண்கள் வந்தால் தனியாக வருவதில்லை. பிள்ளைகளும் வரும், பிள்ளைகளுக்கு ஒரு பணிசாவது வாங்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பார்சல் கட்டச் சொல்வார்கள். ஒரு பிளேன்டீயோடு அரை நாள் பேப்பர் படித்த ஆட்களைக் கண்டு பழகிய அப்பாவுக்கு இது புதிதாக இருந்தது.

பரிமாறுகிற அண்ணனின் பாடுதான் திண்டாட்டம். முதல் வாரம் ஒரு டீச்சரம்மா சாப்பிட்டு எழும்பியதும் அவர் பழக்கத்தில், "வடை நாலு!" என்று கூவிவிட்டார். டீச்சரம்மாவின் முகம் தக்காளியாகிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். "அண்ணே, அந்தப் பக்கத்து மேசைக்குச் சத்தம் போடக் கூடாது. போய்க் காதுல சொல்லுங்க." அதிலிருந்து அந்த நெட்டை மனிதர் ஒவ்வொரு தடவையும் குனிந்து அப்பாவின் காதில் ஏதோ இரகசியம் போலக் கணக்கைச் சொல்வார். தொண்டை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. அவருடைய இரகசியம் மூன்றாவது மேசை வரைக்கும் கேட்கும். பெண்களே சிரிக்கத் தொடங்கி, கடைசியில் கலஹாக்காரிதான் எழும்பி நின்று, "அண்ணே, எனக்கு அஞ்சு வடை, நல்லா சத்தமா சொல்லுங்க, நான் என்ன கடனுக்கா திங்கிறேன்?" என்றாள். அவர் கூவினார். கடையே கைதட்டியது.

கிளார்க் ஐயா கொஞ்ச காலம் கண்ணாடி ஹோட்டலில் சாப்பிட்டார். ஒரு நாள் காலை எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஒரு அம்மா, களைத்துப்போய், கையில் பிரயாணப் பை. ஊரிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்த அவருடைய மனைவி. ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்திருந்தார். கிளார்க் ஐயா படியில் தயங்கி நிற்க, அந்த அம்மா அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கடைதானே, பொம்பிளையள் வந்து இருக்கலாம் எண்டு பஸ்ஸில ஒரு பிள்ளை சொன்னது?"

"ஓம்" என்றார் கிளார்க் ஐயா, தன் பழைய கதிரையைப் பார்த்தபடி.

"இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு நீங்கள் ஏன் எனக்கு ஒரு நாளும் எழுதேல்ல?"

அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார், இருவருக்கும். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் திரும்ப எங்களவர்.

அடுத்த வருசம் சீனி விலையும் மாவு விலையும் ஏறின. பிளேன்டீயை எழுபத்தைந்து சதமாக்காவிட்டால் கட்டாது. அப்பா ஒரு வாரமாகச் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விலைப்பலகைக்கு முன்னால் நின்றார். எழுத மனசு வரவில்லை. கூட்டினால் ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பழைய பயம். அம்மா சாக்குக்கட்டியை வாங்கினார். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் எண்கள் நன்றாக எழுதுவார். பெரிதாக 75 என்று எழுதினார். ஒருவரும் போகவில்லை. நேர்ஸ் ஒருத்தி பலகையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, இங்கதான் மனுசி மாதிரி இருந்து குடிக்கலாம்" என்றாள்.

அந்த வருசக் கடைசியில் பக்கத்துச் சைக்கிள் கடை காலியானபோது அப்பா அதையும் எடுத்துச் சுவரை உடைத்தார். திகனக்கு ஸ்டோர் கீப்பராகப் போகும் பேச்சு அதோடு போயிற்று. அம்மா அடுப்படியில் இரண்டு பேரை வைத்துப் பழக்கிவிட்டு, பின்னேரங்களில் காசு மேசையில் உட்கார்ந்தார். கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் காசு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு இனக்கலவரத்துக் கெட்ட வருசங்களும் வந்தன. கடை பூட்டிக் கிடந்த மாதங்கள் உண்டு, பலகை எரிந்ததும் உண்டு. திரும்பத் திறந்த அன்று முதலில் உள்ளே வந்து உட்கார்ந்தவள் குண்டசாலைப் பெண். அப்போது அவளுக்குக் கலியாணமாகி இடுப்பில் ஒரு பிள்ளை. "அம்மா, பிளேன்டீ ஒண்ணு குடு" என்றாள். அவளுடைய தமிழ் அன்றைக்கும் திருந்தியிருக்கவில்லை. கலஹாக்காரி புடைவைக் கடையிலேயே மேற்பார்வைக்கு உயர்ந்து, நிற்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு முக்காலி வாங்கிப் போட வைத்தாள். எப்படி வைத்தாள் என்று கேட்டால், "கேட்டேன், குடுத்தாரு" என்பாள். அவள் கேட்கிற விதம் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் நான் அடிக்கடி நினைத்துச் சிரிப்பது இன்னொரு பின்னேரத்தை. நாங்கள் சுவரை உடைத்துக் கடையைப் பெருப்பித்த நேரம், கண்ணாடி ஹோட்டல்காரர் தன் வாசலில் மூன்று மொழியிலும் ஒரு போர்டு மாட்டினார்: "பெண்களுக்குத் தனி அறை உண்டு." பரிமாறுகிற அண்ணன் ஓடிவந்து சொன்னார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு முகத்தைக் கழுவி, நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வொயில் சேலையை உடுத்திக்கொண்டு, "வா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

போனோம். கண்ணாடிகளில் அம்மா தன்னைப் பத்துத் தடவை பார்த்துக்கொண்டார். தனி அறை என்பது ஒரு மூலை, ஒரு பச்சைத் திரை, உள்ளே இரண்டு மேசை, காற்றில்லை. அம்மா உட்கார்ந்த உடனேயே திரையை ஓரமாக இழுத்துக் கொக்கியில் மாட்டினார். வெயிட்டர் ஓடிவந்தார்.

"அம்மா, திரை..."

"இருக்கட்டும் தம்பி. வெளிச்சம் வரட்டும். ரெண்டு பால் தேத்தண்ணி கொண்டாங்க."

குடித்தோம். கிளாஸ் ஒன்றரை ரூபா. அம்மா காசை வைத்துவிட்டு எழும்பி, முதலாளி உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய்க் கும்பிட்டார்.

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. அந்த இடத்துல ஒரு சன்னல் வச்சீங்கன்னா இன்னும் நிறையப் பேர் வருவாங்க. கக்கூஸுக்குத் திறப்ப வாசல்ல மாட்டிடுங்க, கேக்கக் கூச்சப்படுவாங்க."

அவர் எழும்பி நின்றுவிட்டார். அம்மா யாரென்று அவருக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "ஏம்மா அவருக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கிறீங்க?"

"நம்ம கடையில இருக்கிற மேசையில டவுன்ல உள்ள பொம்பளைங்க எல்லாரும் உக்கார முடியுமா?" என்றார்.

மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு அம்மா வாவிப் பக்கம் திரும்பினார். கடலை வண்டியில் ஐம்பது சதத்துக்கு இரண்டு சுருள் வாங்கி, என்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வாவிக் கட்டில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கண்டிக்கு அவர் கலியாணமாகி வந்து இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகியிருந்தது. இப்படி ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆட்கள் போனார்கள், வந்தார்கள். பார்த்தவர்களை அம்மாவும் பார்த்தார்.

"நாளையிலேருந்து மசால் தோசை போடுவோமா?" என்றார் கடலையை மென்றபடி. "மூணு ரூபா வச்சா விக்கும்."